நடக்கும் சுவர்

லம்பாடிப் பாவாடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்துப் பார்ப்பது அரைப் பார்வை. அது நடப்பதற்கென்று தைத்த துணி. பேட்டியா என்று பெயர். இடுப்பில் சுருக்கம் பிடித்துக் கணுக்கால்வரை விரிந்து விழும். இடுப்புப் பட்டையில் நெருக்கமான நூல்வேலை, கீழ் விளிம்பில் ஒட்டுத்துணிப் பட்டைகள், அங்கங்கே கண்ணாடிச் சில்லுகள். உடுத்தியவள் ஓர் எட்டு எடுத்து வைத்தால் பாதிச் சில்லுகள் வெயிலை விட்டுவிடும், மீதி பிடித்துக்கொள்ளும். அடுத்த எட்டில் இடம் மாறும். தலையில் தண்ணீர்க்குடமும் இருந்தால், குடத்தின் அடியிலிருந்து முதுகுப் பக்கம் தொங்கும் சோழி கோத்த துணியும் சேர்ந்து ஆடும். சோழிக்குச் சத்தம் உண்டு. முகம் தெரிவதற்கு முன்பே, வருகிறவள் யார் வீட்டுப் பெண் என்பதை உடுப்பு சொல்லிவிடும்.

தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கதையின் நிலம் தெரியும். ஒரு பக்கம் சித்தேரி மலை, இன்னொரு பக்கம் கல்வராயன், நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. சித்தேரி என்றதும் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நினைவு வருவது அதன் அடிவாரத்து வாச்சாத்தியும், வனத்துறையும் போலீஸும் அந்த ஊரைச் சூறையாடிய 1992 ஜூன் 20-ஆம் தேதியும்தான். நினைவு வரவும் வேண்டும். ஆனால் காயத்தின் பெயரால் மட்டுமே ஒரு மலையை அறிந்து வைத்திருப்பது அந்த மலைக்குச் செய்யும் நியாயமில்லை. மேலே மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். கீழே பள்ளத்தாக்கில் அவர்களோடு இரண்டு லம்பாடித் தாண்டாக்கள், அதாவது குடியிருப்புகள். அந்தத் தாண்டாக்களில் ஊசி ஒரு காலத்தில் சும்மா இருந்ததில்லை. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. இப்போது மறுபடி ஓடுகிறது.

லம்பாடிகள் மாட்டுப் பொதிக்காரர்கள். ஆயிரக்கணக்கான எருதுகளின் முதுகில் தானியமும் உப்பும் ஏற்றித் தக்காணம் முழுக்க நடந்தவர்கள். முகலாயப் படை தெற்கே இறங்கியபோது அதற்குச் சோறு போட்டது அவர்களுடைய பொதிகள்தாம். ரயில் வந்தது, பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஓரிடத்தில் நிற்காமல் நடப்பதையே சந்தேகத்துக்குரியதாக ஆக்கியது. நடந்தவர்கள் அங்கங்கே உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்த இடங்களில் இன்றும் தாண்டாக்கள் இருக்கின்றன.

நடந்துகொண்டே இருந்தவர்களுக்குச் சுவர் இல்லை. நான் இந்தக் கலையை ரசிக்கத் தொடங்கியதே இந்த ஒரு விஷயத்தை யோசித்த பிறகுதான். நமக்கு வாசல் இருக்கிறது, கோலம் போட்டோம். திண்ணை இருக்கிறது, காவியும் சுண்ணாம்பும் அடித்தோம். கோயில் மதில் இருக்கிறது, பட்டை தீட்டினோம். வாசலும் திண்ணையும் மதிலும் இல்லாதவள் தன் கோலத்தை எங்கே போடுவாள்? இடுப்பில் போட்டாள், தோளில் போட்டாள், எருதின் முதுகுத் துணியில் போட்டாள். தெரு அவளிடம் வரவில்லை. அவளே தெருவாக நடந்தாள்.

தெருக்கலை என்றால் இன்றைக்குச் சென்னைக்காரர்கள் கண்ணகி நகரைக் காட்டுவார்கள். நகரத்தின் பல மூலைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடிவைத்த மக்களின் அடுக்குமாடிச் சுவர்களில் 2020-இல் பெரிய பெரிய முகங்களைத் தீட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் வரைந்தவர் போய்விடுகிறார், சுவர் நிற்கிறது, குடியிருப்பவர் அதன்கீழே துணி காயப்போடுகிறார். தருமபுரிச் சீமைக்கு இதைவிடப் பழைய தெருக்கலை உண்டு. வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்கள். பல்லவர் காலத்து வீரன் ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன். அவனைச் செதுக்கியவர் கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருந்தது, அரையாடை எப்படி இறுக்கியிருந்தது, குறுவாள் எங்கே செருகியிருந்தது என்பதையெல்லாம் விடவில்லை. ஆறாம் நூற்றாண்டு ஆண்பிள்ளையின் ஃபேஷன் தெரியவேண்டும் என்றால் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் கற்களின்முன் நிற்கலாம். பெண்களின் உடுப்புப் பற்றி அவை அவ்வளவு வாய் திறப்பதில்லை.

இன்னொன்று கூத்து. வடமாவட்டங்களில் கட்டை கட்டி ஆடுகிறவர்கள், கல்யாண முருங்கை மரத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் செதுக்கி, வண்ணக் காகிதம் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகள் பதிப்பார்கள். ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் துரியோதனன் திரும்பினால் அந்தச் சில்லுகள் கூட்டத்தின் கடைசி வரிசைவரை எட்டும். அது விளக்குக்குச் செய்த கண்ணாடி, லம்பாடிப் பெண் தைத்தது வெயிலுக்கு. எனக்கு இரண்டும் ஒரே ஆசையிலிருந்து பிறந்தவையாகத்தான் தெரிகின்றன.

ஃபேஷன் கதைக்கு வருகிறேன். இது வேடிக்கையான கதை, கொஞ்சம் கசப்பும் உண்டு. தாண்டாப் பெண்கள் தங்கள் உடுப்பைக் கைவிட்டதும் ஃபேஷனால்தான். அவர்களுக்கு வந்த ஃபேஷன் நம்முடைய சேலை. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது, மினுக்கும் பாவாடையோடும் முதுகு திறந்த காஞ்சளி ரவிக்கையோடும் போகிறவளை ஊர் திரும்பிப் பார்க்கும், சிரிக்கும், பேரம் பேசும்போது விலையைக் குறைக்கும். நைலக்ஸ் சேலைக்குள் புகுந்துகொண்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் ஒரு சுகம். எடையும் ஒரு காரணம்: காசும் சோழியும் ஈயமணியும் சேர்ந்த உடுப்பை உடுத்திக்கொண்டு கரும்புக்காட்டில் குனிந்து வேலை செய்து பார்த்தால் தெரியும். அம்மா கழற்றினாள், மகள் தைக்கக் கற்றுக்கொள்ளவில்லை, பேத்திக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை.

அதே காலத்தில், கழற்றிப்போட்ட பழைய பாவாடைகள் கோவாவின் கடற்கரையிலும் ஹம்பியின் தெருவோரத்திலும் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுப் பைகளாகவும் தலையணை உறைகளாகவும் வெள்ளைக்காரப் பயணிகளிடம் விலை போயின. ஒருத்தியின் கல்யாணப் பாவாடை இன்னொருத்தியின் தோள்பை. அதை வாங்கியவர்கள் ஊருக்குப் போய் மாட்டித் திரிந்தார்கள், நகரத்துப் பெண்கள் பார்த்தார்கள், லம்பாடிகளின் இன்னொரு பெயரான ‘பஞ்சாரா’ என்ற பெயரில் கடைகள் தொங்கவிட்டன. தாண்டாவில் வெட்கமாக இருந்தது கல்லூரி வாசலில் ஸ்டைல் ஆயிற்று. 2025-இல் பிராடா நிறுவனம் மிலான் மேடையில் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற ஒன்றை, அதன் ஊர்ப்பெயர் சொல்லாமல் ஏற்றி, பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டு ஊர்ப்பெயரை ஒப்புக்கொண்டதே, அது உலகத்துக்குத்தான் புதுச் செய்தி. லம்பாடிகளுக்குப் பழைய செய்தி.

சிட்லிங்கியில் திருப்பம் வந்த வழி எதிர்பாராதது. ஆஸ்பத்திரி வழியாக வந்தது. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அந்தப் பள்ளத்தாக்கில் ஓலைக் குடிசையில் மருத்துவம் தொடங்கினார்கள். பிரசவமும் காய்ச்சலும் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து இயற்கை வேளாண்மை வந்தது, பருத்தி வந்தது, பின்னாலேயே ஊசி வந்தது. தாண்டாவில் தையலை முழுசாக மறக்காத மூத்த பெண்கள் இருவர் இருந்தார்கள். பெட்டியடியில் கிடந்த பழந்துணியை வெளியே எடுத்து, எந்த நூல் எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கையை மறுபடி பழக்கினார்கள். இளையவர்கள் அவர்களிடம் உட்கார்ந்தார்கள். 2009-இல் அந்த முயற்சி ‘பொர்கை’ என்ற பெயரில் கைவினைப் பெண்களின் சங்கமாகப் பதிவானது. இந்தத் தையல் வடக்கே வேறோர் இடத்தில் இன்னும் பெரிதாக நிற்கிறது. லம்பாடிகளை லம்பாணிகள் என்று அழைக்கும் கர்நாடகத்தில், சந்தூர் லம்பாணித் தையலுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஜி-20 கூட்டத்தையொட்டி ஹம்பியில் 1,755 லம்பாணித் துணிகளை ஒன்றாக வைத்து கின்னஸில் ஏற்றினார்கள். சாதனைதான். எனக்கென்னவோ ஆயிரத்தெழுநூறைச் சேர்த்துப் பார்ப்பதைவிட ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதில்தான் ருசி.

மடியில் வைத்துக்கொண்டால் முதலில் திருப்பிப் பாருங்கள். இந்த ஊசிவேலையின் தரம் பின்பக்கத்தில் தெரியும். துணியில் பென்சிலால் வரைந்துகொண்டு அதன்மேல் தைப்பது நல்ல கையின் வழக்கமில்லை. பாவையும் ஊடையையும் எண்ணி, இத்தனை இழை தாண்டி ஒரு குத்து, இத்தனை இழை தாண்டி இன்னொரு குத்து என்று கட்டமும் முக்கோணமும் சாய்சதுரமும் எழும்பும். எண்ணிக்கை தவறினால் பின்பக்கம் நூல் தாவும், முடிச்சு பருக்கும். அதனால்தான் பழையவர்கள் இழை தெரியும் தடித்த கைத்தறித் துணியைத் தேடினார்கள். மில் துணியில் இழை எண்ணுவது கண்ணுக்குத் தண்டனை. சந்தூர்ப் பக்கம் தையல்களுக்குக் கிலன், வேலே, பக்யா, மாகி, சூர்யகாந்தி மாகி என்று வரிசையாகப் பதினான்கு பெயர் சொல்வார்கள். பெயர் மனப்பாடம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. வேலே நெளிந்து ஓடும் கோடு என்று தெரிந்தால் போதும், மற்றவை தாமாகப் பிரிந்து தெரியும்.

கண்ணாடியைப் பதிப்பது தனி வித்தை. சில்லில் துளை கிடையாது, பசையும் கிடையாது. சில்லைத் துணியில் வைத்து, அதன் முகத்தின்மேல் நெடுக்கும் குறுக்குமாக நூலைப் போட்டு இறுக்கிப் பிடித்து, பிறகு அந்தப் பிடிநூலையே பிடித்து இழுத்து இழுத்துச் சுற்றிலும் காஜாத் தையலால் ஒரு வளையம் கட்டுவார்கள். முதலில் முகத்தின்மேல் கிடந்த நூல் முடிவில் விளிம்புக்கு ஒதுங்கியிருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். நல்ல வேலை என்றால் சில்லு அசையாது. வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும்.

இத்தனை பொறுமையை யாருக்காகச் செலவிட்டார்கள்? அங்கேதான் காதல் வருகிறது. நம் மலைப்பாதைகளில் எந்த மதகுச் சுவரைப் பார்த்தாலும் ஓர் இதயம், அதைத் துளைக்கும் அம்பு, இரண்டு பெயர்களின் முதலெழுத்து. தமிழ்நாட்டுத் தெருக்கலையில் அதிகம் பேர் கலந்துகொள்ளும் பிரிவு அதுதான். லம்பாடி மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. பெயரை எழுதி அம்பு விடும் வசதி இல்லாதவள், கல்யாணத்துக்கு முன்னால் தன் வாழ்நாள் உடுப்பைத் தைத்தாள். அம்மாவும் பாட்டியும் கூட உட்கார்ந்தார்கள். கல்யாணத்தன்று மணப்பெண் ஒவ்வொரு உறவையும் கட்டிக்கொண்டு ‘டாவ்லோ’ என்னும் அழுகைப்பாட்டுப் பாடுவாள். அப்படி அழக்கூட அவள் பெரியவர்களிடம் கற்றுக்கொண்டிருப்பாள். தாய்வீட்டுத் தாண்டா நாளைக்கு எந்தத் திசையில் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்தால் அதே இடத்தில் இருக்கும் என்று சொல்லமுடியாது. கையில் மிஞ்சுவது அம்மாவின் தையல். மேற்கையில் அடுக்கும் வெள்ளைப் பலியா வளையல் கணவன் இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லும். பாவாடையின் உள்விளிம்பில் அம்மா இழுத்த நூல் அவளுக்கு மட்டும் வேறெதையோ சொல்லும். எவள் எந்த முக்கில் நூலைக் கொஞ்சம் அதிகமாக இழுப்பாள் என்பது கூட உட்கார்ந்து தைத்தவளுக்குத் தெரியாதா என்ன?

இன்றைய பொர்கைச் சரக்குகளைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும். உள்ளூர்ப் பருத்தியில், அடர்நீலத்திலும் செம்மண் நிறத்திலும், கழுத்தோரத்தில் இரண்டு விரற்கடை தையலோடு வரும் குர்த்தாக்கள் உடுத்த இதமானவை, வேலையும் சுத்தம். ஆனால் அந்த இரண்டு விரற்கடையைப் பார்க்கும்போது, நாயனக்காரரைக் கல்யாண மண்டபத்தில் மூலையில் உட்காரவைத்து, பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் மெல்ல வாசிக்கச் சொன்னது போல எனக்குத் தோன்றுவதுண்டு. நகரத்து ரசனை அடக்கத்தைக் கேட்கிறது, அவர்கள் அடக்கித் தருகிறார்கள், கூலி வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் குறை சொல்ல நான் யார்? பைகளிலும் சுவரில் மாட்டும் விரிப்புகளிலும் மட்டும் பழைய துணிச்சல் திரும்பி வருகிறது: சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் கருநீலம், மூன்றையும் பிரித்து நிறுத்தும் வெள்ளை நூல். அந்த வெள்ளை நூலைக் கவனிக்காமல் விடாதீர்கள். அது இல்லையென்றால் நிறங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தைக்கிற இளம்பெண்கள் பெரும்பாலும் சுடிதாரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்க்கப் போகிற நகரத்துக்காரர்களுக்கு இது ஒரு ஏமாற்றம். பாட்டியின் உடுப்பில் ஒரு போட்டோ கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பாவாடையைக் கழற்றவைத்ததும் ஊரின் கண்தான், இப்போது மறுபடி மாட்டச் சொல்வதும் ஊரின் கண்தான். எதை மாட்டுவது என்று அவள் பார்த்துக்கொள்வாள். கை அவளிடம் இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கடைத்தெருவில் ‘பஞ்சாரா’ என்று தொங்குவதில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் ஜிகினாத் தாள். திருப்பினால் பின்பக்கம் வெள்ளைத் தாளோ ஒரே மாதிரி ஓடும் மிஷின் நூலோ தெரியும். அசல் வேலையை முறுக்கிப் பிழியக்கூடாது, ஊறவும் விடக்கூடாது. கருஞ்சிவப்பு முதல் தண்ணீரில் கொஞ்சம் விடும், பதறவேண்டாம். நிழலில் உலர்த்தி, கவிழ்த்துப்போட்டு அயர்ன் செய்யுங்கள். உடுத்திய பிறகு வெயிலில் நாலு தெரு நடக்கத் தயங்காதீர்கள்.