மூட்டை நிறைய வெட்டுத்துணி

முகூர்த்த மாதம் முடிந்த கையோடு திண்டிவனத்தில் எந்த லேடீஸ் டைலர் கடைக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய வெட்டுத்துணி கிடக்கும். கழுத்து வெட்டியதில் விழுந்த அரைவட்டம், கைக்குழியில் விழுந்த பிறை, பார்டர் போக நின்ற பட்டை. பெரும்பாலும் ஜாக்கெட்டுக்கு எடுக்கிற டூ பை டூ. அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயக் கலர், மயில்கழுத்து, ராமர் பச்சை, எம்.எஸ். புளூ என்று மேட்சிங் சென்டர் அலமாரி மொத்தமும் அந்தச் சாக்குக்குள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

“இத எடுத்துனு போயி இன்னா பண்ணப் போற?” என்பார் டைலரக்கா.

“போர்வை தைக்கப் போறேன்க்கா.”

“எடுத்துக்க கண்ணு, குப்பைக்குத்தான் போவுது.”

குப்பைக்குப் போகிற அந்தச் சாக்கிலிருந்துதான் என் டிசைன் எல்லாம் பிறக்கின்றன. விழுப்புரத்துப் பெரிய ஜவுளிக்கடையில் கொண்டுபோய் நிறுத்தி, ‘எது வேண்டுமோ எடுத்துக்கொள்’ என்றால் எனக்கு ஒன்றுமே தோன்றாது. எல்லாமும் கிடைக்கிற இடத்தில் எதைத் தொடுவது? சாக்கில் அந்தக் குழப்பம் கிடையாது. இந்த முறை அரக்கு நிறைய, மஞ்சள் ஒரு பிடிதானா? சரி, அரக்குதான் பரப்பு. மஞ்சள் அங்கங்கே பொறியாகத் தெறிக்கட்டும். முக்கால் வேலையைத் துணியே முடித்துக் கொடுத்துவிடுகிறது. மிச்ச வேலை எவ்வளவு ஆனந்தமானது என்பதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

விரல் அகலப் பட்டைகளை என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது காகிதத்தின் மேல் தைக்கும் முறை. பழைய நோட்டுத் தாளைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள் (அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை வெளிர்நிறத் துணியில் ஏறும்). ஒரு பட்டையை மூலைக்கு மூலை சாய்வாக, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். அடுத்த பட்டையை அதன்மேல் கவிழ்த்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு ஒரு தையல். புரட்டி நகத்தால் நீவுங்கள். அடுத்தது, அதற்கடுத்தது. தாள் மறைந்ததும் திருப்பிப் போட்டு, தாளின் விளிம்பை ஒட்டி நறுக்கினால் கச்சிதமான கட்டம். மிஷினில் தையலைப் பொடியாக வைத்துத் தைத்திருந்தால் பின்னாலுள்ள தாள் தபால்தலை கிழிவதுபோல் கோடு பிடித்துக் கிழிந்து வரும். இப்படி நான்கு கட்டத்தைச் சேர்த்து ஒரு விதமாகத் திருப்பினால் நடுவில் வைரம். இன்னொரு விதமாகத் திருப்பினால் பெருக்கல் குறி. தரையில் உட்கார்ந்து திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிற அந்த நேரத்துக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது மிஞ்சிய கட்டங்கள். ஒவ்வொரு போர்வை முடியும்போதும் அளவில் சேராததும் நிறத்தில் ஒட்டாததுமாகச் சில கட்டங்கள் நின்றுவிடும். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். பல போர்வைகளின் மிச்சத்தை ஒன்றாகக் கொட்டினால், யோசித்து ஒருநாளும் சேர்த்திருக்க முடியாத ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும். சிறிய கட்டத்தைச் சுற்றி ஒரே நிறத்தில் பட்டை கட்டினால் அளவு சரியாகிவிடும். சலித்துப்போன கட்டத்தை நான்காக வெட்டி மூலைகளை இடம் மாற்றித் தைத்தால் அடையாளமே தெரியாது. என் கைவேலையில் மிக அழகானவை இப்படிப் பிறந்தவைதான்.

இந்தப் பித்து எனக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போகிற சாலையில், மொரட்டாண்டியில் திரும்பினால் ஆரோவில். அங்கே உமா பிரஜாபதி 1997-ல் தொடங்கிய உபாசனா ஆடை வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அங்கே தைத்து மிஞ்சிய துணியில் மீனவப் பெண்கள் செய்யத் தொடங்கிய குட்டிப் பொம்மைதான் சுனாமிகா. கைக்குள் அடங்கிவிடும் அளவு. அதற்கு விலை கிடையாது. அன்பளிப்பாகவே தருகிறார்கள், விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கிறார்கள். கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த நேரத்தில் அந்தப் பெண்களின் விரல்களுக்கு வேலையும் கைக்குக் கூலியும் தந்தது குப்பைக்குப் போகவேண்டிய துண்டுத்துணி! சுனாமிகா ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரியும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வயல்வேலைக்குப் போட்டுத் தேய்ந்த உடைகளிலிருந்து போர்வை தைத்துவந்த ஊர். 1972-ல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை அந்த வட்டாரத்துக்கு வந்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராயை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முரட்டுத் துணி, நுணுக்கமாக வெட்ட வராது. அதனால் பெரிய பெரிய பட்டைகளாக வைத்துத் தைத்தார்கள். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. துணியின் முரட்டுத்தனமே டிசைனாகிவிட்டது பாருங்கள்!

அவ்வளவு தூரம் போவானேன், கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவாந்தி என்ற போர்வையும் பழந்துணிதான். விளிம்பில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியில் பூ வைக்காவிட்டால் போர்வை நிறைவாகாது அவர்களுக்கு. நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளும் துணியை வெட்டி ஒட்டித் தைத்த வேலைதானே? பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போனால் எல்லோரும் முருகனைப் பார்க்கும்போது என் கண் ஒரு நிமிஷம் தொம்பைக்குப் போகும். சிவப்பை வெள்ளையோடும் பச்சையோடும் எந்த அளவில் சேர்ப்பது என்பதை அங்கே பார்த்துதான் கற்றுக்கொண்டேன்.

நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பஞ்சு அட்டை வைக்கத் தேவையில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன காட்டன் புடவையை இரண்டு மடிப்பாக உள்ளே வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டாலே போதும். குழந்தை படுத்தால் கண்ணயர்ந்துவிடும். வெட்டுத்துணியை முதலில் அலசிக் காயவைத்துவிடுங்கள். அரக்கும் சிவப்பும் சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத்துணியில் அழுத்திப் பாருங்கள். சந்தேகமான துண்டில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையானால் பாலியஸ்டர். அதைத் தனியே வையுங்கள், சூடான இஸ்திரிப் பெட்டிக்குத் தாங்காது.

அடுத்த தடவை ஜாக்கெட் வாங்க டைலர் கடைக்குப் போகும்போது ஒரு பெரிய கட்டைப்பையோடு போங்கள். தயங்காமல் அந்தச் சாக்கைக் கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் கொட்டி, எந்த நிறம் அதிகம் என்று மட்டும் முதலில் பாருங்கள்.