ஊற்றும் பழியும்

வறுமை மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். பகை குடிபுகுந்த ஊரில் அது அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை உணர்த்தும் நாவல், ஹைட்டி நாட்டு எழுத்தாளர் ஜாக் ரூமேனின் 'பனித்துளியின் அதிபதிகள்'. ஆசிரியர் 1944ஆம் ஆண்டு, தமது 37ஆம் வயதில் மறைந்த பின்னரே இப்பிரெஞ்சு நாவல் அச்சேறியது.

ஃபோன் ரூஜ் ஒரு சிற்றூர். குன்றுகளின் மரங்களை வெட்டியதால் மண் அரித்துப்போக, நிலம் வறண்டுவிட்டது. நிலப் பங்கீட்டில் சிந்திய இரத்தம் உறவினரை இரு கட்சிகளாக்கிவிட்டது. ஊரார் ஒன்றுகூடி முரசொலிக்கு இசைய ஒருவர் வயலில் மற்றவர் உழைக்கும் 'கூம்பித்' என்னும் பழைய வழக்கமும் மறைந்தது. கியூபாவின் கரும்பு வயல்களில் 15 ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய மானுவேல், ஓர் ஊற்றைக் கண்டுபிடிக்கிறான். ஆனால் அதிலிருந்து வாய்க்கால் வெட்ட ஒரு கட்சியின் கைகள் போதா. ஒப்புரவு இங்கே வெறும் நல்லெண்ணமன்று. பிழைப்பதற்குரிய ஒரே வழி.

எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜெர்விலன், பொறாமையால் மானுவேலைக் குத்திவிடுகிறான். உயிர் பிரியுமுன் மானுவேல், கொன்றவன் பெயரை வெளியிட வேண்டாமெனத் தாய் டெலிராவிடம் கேட்டுக்கொள்கிறான். மகன் காய்ச்சலால் இறந்தான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அத்தாய் பகைவரிடமே சென்று அவனது இறுதி விருப்பத்தை எடுத்துரைக்கிறாள். வாய்க்காலும் வெட்டப்படுகிறது.

மானுவேலிடம் கிறிஸ்துவின் சாயலைக் காண்பது நமக்கு எளிது. எனினும் கதையின் பாரத்தைச் சுமப்பவள் வியாகுலத் தாயை நினைவூட்டும் டெலிராவே. இங்குதான் நம் உள்ளத்தில் ஒரு தடை எழுகிறது. பழிவாங்கலைத் துறத்தல் வேறு, உண்மையைப் புதைத்தல் வேறு அல்லவா? பாவ அறிக்கையின்றி ஒப்புரவு உண்டோ? கொலைஞனை மனம் வருந்தச் செய்யாமலே ஆசிரியர் ஊரைவிட்டு மறையவிடுகிறார். இது நாவலின் குறையே.

ஆயினும் அத்தாய் உண்மையை எங்கே கொண்டுபோய் வைத்திருக்க முடியும்? இந்நாவலில் அரசாங்கம் என்பது, கடன்பட்ட உழவரின் நிலத்தைக் கவரக் காத்திருக்கும் இலாரியோன் என்னும் காவல் அதிகாரிதான். நீதி கிடைக்கும் நாட்டில் உண்மை குணமாக்கும். நீதியற்ற நாட்டிலோ அதுவே அடுத்த கொலைக்குத் தீ மூட்டும். டெலிராவின் மௌனம் அவளுடைய குற்றமன்று, அவளைக் கைவிட்ட அரசின்மீது சாற்றப்படும் குற்றச்சாட்டு.

ரூமேன் 1934இல் ஹைட்டி கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர். உழவரின் வூடு வழிபாட்டை ஒழிக்கத் திருச்சபை 1941-42இல் நடத்திய இயக்கத்தை எதிர்த்து எழுதியவர். மன்றாட்டு உழைப்புக்கு மாற்றாகிவிடக் கூடாது என்னும் அவரது கண்டிப்பை நாம் பணிவுடன் கேட்பதே தகும்.

ஹைட்டியின் குடியரசுத் தலைவர் 2021இல் கொல்லப்பட்டார். ஆயுதக் கும்பல்களின் வன்முறையால் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டிலேயே வீடிழந்து நின்றனர். அங்குள்ள தாய்மார் எத்தனை பெயர்களை நெஞ்சில் புதைத்திருப்பர்! அவர்களுடைய பொறுமையை வியந்து போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அஞ்சாமல் உண்மையைச் சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டுமென்று கேட்பதும் நம் கடன். ஒப்புரவை அருட்சாதனமாகப் போற்றும் நமக்கு அக்கடன் இன்னும் மிகுதி.