சோறு பொதுவில்லை

ஒஸ்லோவில் நாடாளுமன்றத்துக்கு எதிரே ஃபிரீமேசன்களின் மாளிகை நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் கிப்ளிங்கின் ‘த மதர் லொட்ஜ்’ கவிதை நினைவில் வரும். 1886இல், இருபது வயதில், லாகூரில் அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர் அவர். கவிதையில் ஸ்டேசன் மாஸ்டர், கணக்காளர், ஏடன் யூதர், முஸ்லிம் வரைபடக்காரர், சீக்கியர், கத்தோலிக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். வெளியே சலாமும் சல்யூட்டும், கதவுக்குள் சகோதரர்கள். கூட்டம் முடிந்தும் எழ மனமில்லாமல், புகைத்தபடி, அவரவர் கடவுளைப் பற்றி விடிய விடியப் பேசுகிறார்கள்.

கிப்ளிங்கை ஏகாதிபத்தியவாதி என்று ஒதுக்கிவிட்டால் (நானும் நெடுநாள் ஒதுக்கியவன்தான்) இந்தச் சந்தோசத்தை இழந்துவிடுவோம். அது பொய்ச் சந்தோசமில்லை. ஆனால் ஓரிடம் குத்துகிறது. யாருடைய சாதியாவது கெட்டுவிடும் என்று அங்கே விருந்து வைப்பதில்லை. புகை பொது, சோறு பொதுவில்லை. கிப்ளிங் இதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். 1960களிலும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைக்குள் நுழையப் போராட வேண்டியிருந்த சமூகத்தின் வாசகர் அப்படி நகர ஏலாது.

ஒஸ்லோ மாளிகையின் விதி வேறு: கிறிஸ்தவ நம்பிக்கையுள்ள ஆண்கள் மட்டுமே சேரலாம். லாகூரில் கூடியிருந்த பலர் இங்கே வாசலோடு நிற்க வேண்டியதுதான். பெண்கள் இரண்டு இடத்திலும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் கவிதையை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பேசுபவன் இப்போது அந்த அறையில் இல்லை. எங்கோ தொலைவிலிருந்து, அந்தக் கறுப்புச் சகோதரரையும் பழுப்புச் சகோதரரையும் இன்னொரு முறை பார்த்தால் போதும் என்று ஏங்குகிறான்.