குச்சி சொல்லும் லேஸ்

இங்கிலாந்தின் டெவன் பகுதிக் குச்சியையும் பெட்ஃபோர்ட்ஷர் குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வேலைக்கானவை என்று நம்பக் கடினம். முதலாவது பென்சிலை விட மெலிந்தது. வழவழப்பாகத் தேய்த்த மரம், கூரான அடிமுனை, அலங்காரம் ஏதும் கிடையாது. இரண்டாவதன் அடியில் கண்ணாடி மணிகள் வளையமாகக் கோத்துத் தொங்குகின்றன. உடலில் கடைசல் வளையங்கள், சிலவற்றில் ஈயக் கலவையில் பதித்த புள்ளிகள், சிலவற்றில் ஒரு பெண்ணின் பெயர். பாபின் லேஸ் பின்னுகிறவர்கள் நூல் சுற்றி வைக்கும் பாபின்கள் இவை. தையல் மெஷினுக்குள் போகும் சின்ன உருளைக்கும் இவற்றுக்கும் பெயர் மட்டுமே பொது.

இந்த வேற்றுமை ஊருக்கு ஊர் மாறும் ரசனையால் மட்டும் வந்ததில்லை. எந்த லேஸ் பின்னப்படுகிறதோ அதுதான் குச்சியின் எடையையும் உருவத்தையும் முடிவு செய்திருக்கிறது. சாமான் சேர்க்கப் புறப்படுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் முதலில் அழகான குச்சிகளை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அந்தக் குச்சிக்கு ஏற்ற நூலைத் தேடுகிறார்கள், அந்த நூலுக்கு ஏற்ற வடிவத்தைத் தேடுகிறார்கள். எதிர்த்திசையில் போவதே சரி. லேஸ் முதலில், அதற்கேற்ற நூல் அடுத்து, மற்றதெல்லாம் நூலுக்குப் பின்னால்.

செய்முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும், அவ்வளவு எளிது. கெட்டியான ஒரு திண்டு, அதன் மேல் துளைகள் குத்திய அட்டை, துளைகளில் ஊசிகள். ஒவ்வொரு நூலின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சி இருப்பதால் கணக்கு எப்போதும் ஜோடியில்தான். இரண்டு ஜோடிகளைக் கையில் எடுத்தால் செய்யக்கூடிய அசைவுகள் இரண்டே இரண்டு. நடுவிலுள்ள இரு குச்சிகளில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததன் மேல் தாண்டவிடலாம். அல்லது ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்ததன் மேல் போட்டு முறுக்கலாம். சடை பின்னத் தெரிந்த கை அரை மணி நேரத்தில் இதைப் பிடித்துக்கொள்ளும். தாண்டல், முறுக்கல், தாண்டல் என்று தொடர்ந்தால் துணி போல அடர்ந்த பரப்பு வரும். அங்கே ஒரு ஜோடி ஊடையாகக் குறுக்கே ஓட, மற்றவை பாவாக நிற்கும். தாண்டல், முறுக்கல் என்பதோடு நிறுத்தினால் நூல்கள் சாய்வாக விலகி, வெளிச்சம் புகும் வலையாகும். வெனிஸில் 1557இல் அச்சான ‘லெ பொம்பே’ வடிவநூலின் காலத்திலிருந்து இன்றைய ப்ரூஜ், இத்ரியா, வொலோக்தா ஊர்களின் லேஸ் வரை எல்லாமே இந்த இரண்டு அசைவுக்குள் அடக்கம். ஆகவே ஒரு லேஸ் இன்னொன்றிலிருந்து வேறுபடுவதில் திண்டுக்கும் ஊசிக்கும் நூலுக்கும் பெரிய பங்கு உண்டு.

டெவனின் ஹானிட்டன் லேஸில் பூவும் இலையும் தனித்தனித் துண்டுகளாகப் பின்னப்பட்டு, பிறகு ஒன்றோடொன்று இணைக்கப்படும். விக்டோரியா அரசியின் 1840ஆம் ஆண்டுத் திருமண உடைக்கான லேஸ் அந்தப் பகுதியின் பியர் என்ற கடலோரச் சிற்றூரில் செய்யப்பட்டது. துண்டுகளை இணைக்கும்போது, முடிந்த துண்டின் விளிம்பிலிருந்து நூலை மெல்லிய கொக்கியால் கண்ணியாக இழுத்து, அந்தக் கண்ணிக்குள் குச்சியையே நுழைத்து எடுக்க வேண்டும். மணி தொங்கும் குச்சி அதற்குள் எப்படிப் போகும்? கூர்முனையும் வழவழப்பும் அந்த ஒரு கணத்துக்காகவே. நூல் மிக நுண்மையானது என்பதால் எடையும் குறைவாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அறுந்துவிடும்.

பக்கிங்ஹாம்ஷர், பெட்ஃபோர்ட்ஷர், நார்தாம்ப்டன்ஷர் பகுதிகளில் லேஸின் முழு அகலமும் ஒரே சமயத்தில் மேலிருந்து கீழாக வளரும். அகலமான கரைக்கு நூற்றுக்கணக்கான குச்சிகள் ஒரே திண்டில் கிடக்கும். அவை உருண்டால் நூலின் முறுக்கு குலையும். அடியில் கோத்த மணிகள் குச்சியை உருளவிடாமல் பிடிக்கின்றன, நூலை இழுத்து வைக்கும் எடையையும் தருகின்றன. பக்கங்களை அரத்தால் தட்டி சதுரமாக்கிய பழைய மணிகள் திண்டின் துணியை நன்றாகப் பற்றும்.

தேவை தீர்ந்த இடத்தில் கடைசல்காரரின் கற்பனை தொடங்கியது. ஈயக் கலவைப் புள்ளிகள் பதித்ததைச் சிறுத்தை என்றார்கள், பட்டைகள் பதித்ததைப் புலி என்றார்கள், சிறகு வடிவம் பதித்ததை வண்ணத்துப்பூச்சி என்றார்கள். உள்ளே குடைந்து அதில் ஒரு குட்டிக் குச்சியை வைத்ததற்குத் தாயும் சேயும் என்று பெயர். எலும்புக் குச்சிகளில் சின்னத் துளைகளாக எழுத்துகளைக் குத்தி, சிவப்பும் நீலமும் நிரப்பி, பெயர்களைச் சுருளாக ஏற்றினார்கள். காதலன் பெயர், பிறந்த குழந்தையின் பெயர், வேதாகமச் சொற்கள். தூக்குத் தண்டனையைக் கூடப் பதித்தார்கள்: மனைவியைக் கொன்ற ஜோசப் காசில் 1860இல் தூக்கிலிடப்பட்டதைச் சொல்லும் குச்சிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. டீன்ஷாங்கர் ஊரின் ஜெஸ்ஸி காம்ப்டன், பெட்ஃபோர்டின் ஆர்ச்சிபால்ட் ஆபட் போன்றவர்களின் கைவேலையை எழுத்தின் சாய்வைக் கொண்டே அடையாளம் சொல்கிறவர்கள் உண்டு. நாள் முழுக்க வேலை செய்தும் சொற்பக் கூலி பெற்ற பெண்கள் தமக்கென்று வைத்துக்கொண்ட அழகு இந்தக் குச்சிகளில்தான் இருந்தது. அதனால் இவற்றை வெறும் கருவி என்று தள்ளிவிட என்னால் முடியாது. ஆனாலும் தொடங்குகிறவர் கையிலுள்ள பணத்தை இவற்றில் கொட்டக் கூடாது என்றே சொல்வேன். ஒரே எடையுள்ள, கழுத்துப் பகுதி சுத்தமாகக் கடைந்த சாதாரண மரக்குச்சிகள் போதும். வாங்குமுன் கழுத்தை விரல்நகத்தால் சுற்றிப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் நூலும் தட்டும்.

ஐரோப்பியப் பெருநிலத்தில் வேறு மரபுகள். பெல்ஜியத்தின் குச்சிகளுக்கு அடி பருத்திருக்கும். அந்தப் பருமனே எடை, மணி தேவையில்லை. ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியில் நூல் சுற்றிய இடத்தை மூடி அழுக்குப் படாமல் காக்க மரத்தாலான ஓர் உறையே உண்டு. அங்கும், ஸ்லோவேனியாவின் இத்ரியாவிலும், மால்ட்டாவிலும் திண்டு உருளை வடிவம். குச்சிகள் முன்பக்கம் தொங்கும், அவற்றைக் கையில் ஏந்தியே பின்னுவார்கள். பாதரசச் சுரங்க ஊரான இத்ரியாவில் 1876இல் தொடங்கிய லேஸ் பள்ளி இன்றும் நடக்கிறது.

திண்டைப் பொறுத்தவரை ஒரே சோதனைதான். ஊசியைக் குத்தி, அதன் தலையைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். சாய்ந்தால் அந்தத் திண்டு வேண்டாம். நறுக்கிய வைக்கோலைக் கல் போல இறுக்கி அடைத்த பழைய திண்டுகள் இந்தச் சோதனையில் தோற்பதே இல்லை. இன்று அடர்த்தியான நுரைப் பலகையை வெட்டித் துணி போர்த்துகிறார்கள். அது லேசானது, மலிவு, ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் சீக்கிரம் பொலபொலத்துவிடும். பஞ்சு அடைத்த திண்டு எந்தக் காலத்திலும் உதவாது.

ஊசிக்குத் தருகிற மரியாதை குறைவு என்பது என் ஆதங்கம். தையற்கடையில் கிடைக்கும் குண்டூசியின் தடிமன் நுண்ணிய லேஸில் துளையை அகட்டிவிடும். ஊசியை எடுத்தபின் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். நூல் மெலிய மெலிய ஊசியும் மெலிய வேண்டும். நுண்ணிய வேலைக்கு அரை மில்லிமீட்டர் தடிமனே அதிகம். இரும்பு ஊசி துருவேறி வெள்ளை நூலில் கறை வைக்கும். துருப்பிடிக்காத எஃகு நல்லது. பித்தளையும் நல்லதுதான், ஆனால் மாதக்கணக்கில் பாதி வேலையோடு திண்டை மூடி வைத்தால் பச்சை பூத்துவிடும்.

அட்டைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பதப்படுத்திய தோல், இப்போது அழுத்தமான பளபளப்பு அட்டை. எல்லாத் துளைகளையும் முன்கூட்டியே குத்திவிட வேண்டும். வெள்ளை நூல் தெரியும்படி மேலே நீலம் அல்லது பச்சை நிறப் படலம் ஒட்டினால் கண்ணுக்கு இதம். கண் என்றதும் நினைவுக்கு வருவது அந்தக் கால விளக்குத் தட்டு. நடுவில் ஒரே மெழுகுவர்த்தி, சுற்றிலும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொரு குடுவையும் வெளிச்சத்தைக் குவித்து ஒரு திண்டின் மேல் விழவைக்கும். பின்னுகிறவர்கள் வரிசை வரிசையாக அமர்வார்கள். தேர்ந்த கைக்கு விளக்கின் அருகே இடம். அடுப்புப் புகையின் கரி லேஸில் படக் கூடாது என்பதால், குளிரில் தணல் போட்ட மண்சட்டியைப் பாவாடைக்கருகே வைத்துக்கொள்வார்கள்.

இனி நூல். இதில் சிக்கனம் செய்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். பாலியஸ்டர் தையல்நூல் திண்டின் மேல் சமர்த்தாக இருக்கும். ஆனால் ஊசிகளை எடுத்ததும், இழுத்து வைத்திருந்த நீட்சி சுருங்கி வடிவம் கோணிவிடும். சணல் வகையைச் சேர்ந்த கரடு நார் வேண்டாம். ஆளிச்செடியின் நாரில் நூற்ற லினன்தான் இந்தக் கலையின் தாய்நூல். ஒரே நூலில் அங்கங்கே பருத்தும் மெலிந்தும் வரும் அதன் இயல்பு, லேஸுக்கு இயந்திரத்தால் தர முடியாத உயிரைத் தருகிறது. ஒருமுறை அமர்ந்த வடிவத்தை விடவும் விடாது. பழைய ஃப்ளாண்டர்ஸில் நுண்ணிய லினன் நூலை ஈரம் கசியும் அறைகளில் நூற்றார்கள், உலர்ந்த காற்றில் அறுந்துவிடும் என்பதால். 18ஆம் நூற்றாண்டு ப்ரஸல்ஸ் லேஸின் நூல் நுண்மை இன்று எந்தக் கடையிலும் இல்லை. அதனால் அந்தக் கால வடிவத்தை அதே அளவில் பின்ன முயல்வதை விட, அட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டு கிடைக்கிற மெல்லிய நூலில் பின்னுவது மேல்.

நூல் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. சுருளில் 60/2 என்று போட்டிருந்தால் 60 என்பது நுண்மை, 2 என்பது சேர்த்து முறுக்கிய இழைகள். எண் கூடக் கூட நூல் மெல்லியது. ஆனால் பருத்தியின் எண் ஒரு பவுண்டில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்ற கணக்கு; லினனின் எண் 300 கஜத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஆக, எடையும் நீளமும் பார்த்தால் 60ஆம் எண் லினன், ஏறத்தாழ 21ஆம் எண் பருத்திக்குத்தான் சமம். எண் பொருந்துகிறதே என்று பருத்தியை வாங்கிப் பின்னினால் லேஸ் தொளதொளவென்று கிடக்கும். எண்ணை மறந்துவிட்டு நூலையே கேட்பது உத்தமம். அளவுகோலில் ஒரு சென்டிமீட்டருக்கு இடைவெளியும் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமலும் நூலைச் சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். வடிவம் கேட்கும் நூல் கிடைக்காதபோது, அதே சுற்று எண்ணிக்கை வரும் வேறு நூல் அந்த இடத்தில் உட்காரும். பிரெண்டா பேட்டர்நாஸ்டர் தன் ‘த்ரெட்ஸ் ஃபார் லேஸ்’ நூலில் ஏராளமான நூல்வகைகளை இப்படி அளந்து வைத்திருக்கிறார். லேஸ் பின்னுகிறவர்கள் வீட்டில் வடிவப் புத்தகங்களை விட இதுதான் அதிகம் கசங்கியிருக்க வேண்டும்.

இந்தக் கலை நம் பக்கமும் வந்தது. 1819இல் நாகர்கோவில் வந்த மிஷனரி சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானம் பள்ளியைத் தாங்கியது; திருவிதாங்கூரில் அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அதைக் கொண்டு விடுதலை பெற்றார்கள். மார்த்தாவின் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெலை மணந்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தை எனப்படும் இந்த லேஸ் வேலையும் கூடப் போனது. இலங்கையின் தென்கரையில், காலி, வெலிகம பக்கத்தில் பீரலு என்ற பெயரில் இது இன்றும் கைத்தொழிலாக வாழ்கிறது.

குச்சி நம் ஊர்க் கடைசல் பட்டறையில் செய்யக் கூடியதே. மாதிரி ஒன்றைக் கொடுத்து, எல்லாம் ஒரே எடையில் வேண்டும் என்று வற்புறுத்தினால் போதும். திண்டை வீட்டிலேயே அடைக்கலாம். நல்ல லினன் நூலையும் மெல்லிய ஊசியையும் வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். ப்ரூஜ் செல்கிறவர்கள் கான்ட்சென்ட்ரம் லேஸ் மையத்தில் வேலை நடப்பதையே பார்க்கலாம். பழைய ஆங்கிலக் குச்சிகள் கிடைத்தால், மரத்தில் பூச்சித் துளை இருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா, மணி கோத்த கம்பி துருவேறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பி போனால் மாற்றிவிடலாம், கழுத்து போனால் மாற்ற முடியாது. முதல் வேலையாக டார்ஷன் வகையில் ஒரு குறுகிய கரையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு ஜோடிக் குச்சிகள் அதற்குப் போதும், கொஞ்சம் தடித்த லினன் போதும், தவறு எங்கே நடந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.