கறுத்த ஆயில்

டீசல் காருக்குப் புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். தேன் நிறத்தில் ஊற்றியது அதற்குள் கறுத்திருக்கும். பெட்ரோல் வண்டியிலிருந்து வந்தவர்கள் பதறிப்போவது இங்கேதான். டீசல் எரியும்போது உண்டாகும் நுண்கரியை எங்கும் படியவிடாமல் தனக்குள் வாங்கிக்கொள்வது ஆயிலின் வேலை. கறுத்திருந்தால் வேலை செய்கிறது என்று பொருள்.

என் பிரியம் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின் மேல். 1,248 சிசி, நான்கு சிலிண்டர், பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ, எர்டிகா என்று கம்பெனி பேதமில்லாமல் ஏறி, 'தேசிய எஞ்சின்' என்றே பெயர் வாங்கியது. 2020இல் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது இந்தியாவில் அதன் காலம் முடிந்தது. ஓடிக்கொண்டிருப்பவற்றை இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆயிலை இறக்க வேண்டும். டிரெயின் போல்ட்டின் கடைசிச் சுற்றுகளைக் கையால், உள்ளே அழுத்தியபடியே திருப்பி, சட்டென்று இழுத்துவிடுவது ஒரு லாகவம். முதலில் கயிறு போல விழும், பிறகு நூலாகும், பிறகு சொட்டும். அவசர சர்வீஸில் பறிபோவது இந்தச் சொட்டும் நேரம்தான். பழைய ஃபில்டரின் காகித மடிப்புகளை விரித்து, இரும்புத் துகள் மினுக்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். எஞ்சினின் உள்நிலையை அதைவிடத் தெளிவாகச் சொல்வது வேறில்லை. போல்ட்டுக்குப் புது வாஷர், ஃபில்டர் மூடிக்குப் புது ஓ-ரிங், அதன்மேல் ஒரு விரல் ஆயில். பிறகு மூன்று லிட்டர் சொச்சம், மேல்கோட்டைத் தாண்டாமல். டீசல் வண்டியில் ஆயில் அளவு மீறினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்கத் தொடங்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

ஆனால் டீசல் எஞ்சினின் உயிர் டீசல் ஃபில்டரில் இருக்கிறது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் பம்பையும் இன்ஜெக்டரையும் வழுக்கி ஓடவைப்பது டீசலேதான். அதில் தண்ணீர் கலந்தால் அந்த வழுக்கல் போய்விடும்; துருவும் பிடிக்கும். ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும். ஃபில்டரை மாற்றினால் காற்று புகும், அதை வெளியேற்ற வேண்டும். கைபம்ப் உள்ள வண்டிகளில் முதலில் அது தொளதொளவென்று இறங்கும். அழுத்த அழுத்த இறுகி, ஒரு கட்டத்தில் விரலுக்கு அசைந்துகொடுக்காது. டீசல் நிறைந்துவிட்டது என்று கைக்குத் தெரியும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு மூன்று சொல்கிறேன். இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களைத் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து, அதை வாங்கிச் சுத்திகரிப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.