முகாமும் குறிச்சியும்

1958 டிசெம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கமாக இம்முகாம் போற்றப்படுகின்றது. ஆயினும் அங்கு வெட்டிய கிணறுகளும் மலகூடங்களுமே பெரிதும் நினைவுகூரப்படுகின்றன. மண் வெட்டக் கல்லூரி மாணவர் எதற்கு? அதில் ஊரவரே வல்லவர்.

கனத்தொலுவ மக்கள் ரொடியர். சிங்களச் சாதியமைப்பின் அடித்தட்டில் ஒதுக்கப்பட்டோர். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. எனினும் ஒருவரை இன்னொருவர் வீட்டில் உண்ணச் செய்யும் ஆற்றல் சட்டத்துக்கு இல்லை. அம்மாணவர்களோ ரொடியரிடையே தங்கி, அவர்களோடு உண்டு, உழைத்தனர். முகாமின் மெய்யான பணி அதுவே.

இன்று பல மாணவர் குழுக்கள் மண்வெட்டிக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன. ஊர்ப் பெரியவரிடம் கேட்டு வேலையைத் தீர்மானித்து, அவர் வீட்டிலேயே உண்டு திரும்புகின்றன. யாழ்ப்பாணத்திலோ கிணறு வெறும் நீர்நிலையாக இருந்ததில்லை. அதில் யார் வாளி இடலாம் என்ற கேள்வியும் உடனிருந்தது. அதனைக் கேளாத குழு கிணற்றோடு பழைய தடையையும் செப்பனிட்டுக் கொடுக்கின்றது. எந்தக் குறிச்சியில் தங்குவது, யாரிடம் முதலில் விசாரிப்பது என்பவற்றை முதற் கூட்டத்திலேயே முடிவுசெய்தல் வேண்டும். கருவிப் பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு விடலாம்.