மலைவாழையும் சாம்பல்சத்தும்

வடகவுஞ்சி, பண்ணைக்காடு, தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்களில் நிற்கும் விருப்பாச்சி மலைவாழைக்கு, மற்ற எந்தச் சத்தையும்விடச் சாம்பல்சத்தே (பொட்டாசியம்) அதிகம் வேண்டும். 100 கிராம் பழத்தில் மட்டும் சுமார் 350 மில்லிகிராம் சந்தைக்குப் போய்விடுகிறது. குறைந்தால் அடியிலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துக் கருகும், காய் பெருக்காது, பழனிப் பஞ்சாமிர்தம் நாள்பட நிற்கக் காரணமான அந்த நீர் குறைந்த, இறுகிய சதை வாய்க்காது.

இயற்கைத் தோட்டத்தில் இதற்குப் பஞ்சகவ்யம் போதும் என்பவர்கள் உண்டு. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய அந்தக் கரைசலை 3 சதவீதத்தில் தெளித்தால் இலை தெளிவது உண்மைதான். ஆனால் ஒரு தார் கொண்டுபோனதைத் தெளிப்பானால் ஈடுகட்ட முடியாது. தொழுவுரத்தையோ சரிவில் சுமந்து மாளாது.

பெரிய இருப்பு, தார் வெட்டிய மரத்திலேயே இருக்கிறது. வாழை உறிஞ்சிய சாம்பல்சத்தில் பெரும்பங்கு தண்டிலும் இலையிலும்தான் தங்குகிறது. கைதேர்ந்தவர் மரத்தைச் சாய்த்ததோடு விடமாட்டார். அரிவாளால் நெடுக்கப் பிளந்து, முழ நீளத்துக்கு நறுக்கி, வெட்டுவாய் மேலே பார்க்கத் தூரைச் சுற்றிப் பரப்புவார். பிளக்காத தண்டில் ஈரம் நின்று கூன்வண்டு குடியேறும். பிளந்தது சீக்கிரம் காயும். அடுத்த மழைகளில் சத்து கரைந்து, மேலாக ஓடும் வேர்களுக்கும் பக்கக் கன்றுக்கும் இறங்கும். முடிக்கொத்து நோய் கண்ட மரத்துக்கு மட்டும் இந்த மரியாதை கிடையாது. அதைக் கிழங்கோடு அழிக்க வேண்டும். நோயில்லாத தண்டையும் வாரி ஓடையில் தள்ளும் இன்றைய அவசரம் வீண் செலவு.

அடுப்புச் சாம்பலும் உதவும். அதிலுள்ள சுண்ணாம்பு, மழை கழுவிப் புளித்த மலைமண்ணைத் தணிக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் தூவினால் சரிவோடு போய்விடும். தை மாதம் இட்டுச் சருகால் மூடுவதே சரி.

 

தழைச்சத்துக்கோ, நிழல்மரங்களில் முள்முருங்கைக்கு மிஞ்சியது இல்லை. வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கின்றன. கவாத்தில் விழும் இலை சில வாரங்களில் மக்குகிறது. இப்போது மிளகுக் கொடிக்கென்று எங்கும் சில்வர் ஓக். மரம் நல்ல விலைக்குப் போகும், மறுப்பதற்கில்லை. அதன் சருகு மக்குவதற்குத்தான் மாதக்கணக்காகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையும் அதற்குத் தெரியாது. விருப்பாச்சி 2008இல் புவிசார் குறியீடு பெற்ற பழம்தான். ஆனாலும் தண்டைத் தள்ளிவிட்டு, சில்வர் ஓக் சருகை மட்டும் நம்பிய தோட்டத்தில் விளைந்தால் சப்பென்றுதான் இருக்கிறது.